ரதிக்கு மீசை கிடையாது

பிப்ரவரி 10, சனி

காமன் பண்டிகைக்குச் சீட்டு எடுத்தார்கள். ரதி வேஷம் எனக்கு விழுந்தது.

இத்தனை வருஷம் ரதி கட்டிய பன்னீர் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். அவன் இடத்துக்கு ஆள் வேண்டும் என்று கல்யாணமாகாத ஆண்களின் பெயர்களை எழுதிக் குலுக்கினார்கள். வைத்தி அண்ணன் சீட்டைப் பிரித்து, "மோட்டார் கடை மருதவாணன்" என்று படித்ததும் கூட்டத்தில் கிளம்பிய சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வைத்தி அண்ணன் டீக்கடை வைத்திருப்பவர். மாசி வந்துவிட்டால் கூத்து வாத்தியார்.

"அண்ணே, எனக்கு மீசை இருக்குண்ணே" என்றேன்.

"அது இருக்கட்டும்டா. சாமி குடுத்த சீட்ட மறுக்கப் போறியா, அத சொல்லு."

மறுக்க முடியாது. ஊர் வழக்கம். ஆனால் என் கவலை மீசை மட்டுமல்ல. மன்மதனாக வேஷம் கட்டுவது செழியன். பள்ளிக்கூடத்திலிருந்து என் சிநேகிதனாக இருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் தங்கை அஞ்சுகத்தைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டவன். இரண்டு பேரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர்கள் இருக்கும் கீழத்தெரு வழியாக நான் வண்டி ஓட்டுவதில்லை. அப்பா அந்தத் தெருவின் பெயரைக்கூடச் சொல்வதில்லை.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "யாரு மன்மதன்?" என்றார். அவருக்குத் தெரியும்.

நேற்று வெள்ளிக்கிழமை. அம்மா காளி கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். புருவம் வில் மாதிரி இருக்கிறது. விளக்குப் புகை முகத்துக்கு நல்லது போலிருக்கிறது.

பிப்ரவரி 12, திங்கள்

காமன் நட்டாயிற்று. ஆமணக்குக் கொம்பு, கரும்பு, வைக்கோல், மேலே சாணத்தில் தட்டிய எருவாட்டி. எனக்கும் செழியனுக்கும் காப்புக் கட்டினார்கள். பண்டிகை முடியும்வரை கறி மீன் கிடையாது, செருப்பு கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். அவன் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. நான் ஆமணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கும் சிவன்மேல் பூ அம்பு விடச் சொல்லித் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். போகாதே என்கிறாள் ரதி. போகிறான், சாம்பலாகிறான். ரதி அழுது அழுது உயிர்ப்பிச்சை கேட்டு அவனை எழுப்புகிறாள். ஆக, கூத்தில் பாதி நேரம் அழுகிற வேலை எனக்கு.

"மீசைய எடுத்துட்டு, புருவத்த ஒழுங்கு பண்ணிக்க. வீனஸ்ல பண்ணுவாங்க" என்றார் வைத்தி அண்ணன்.

வீனஸ் அழகு நிலையம் அஞ்சுகத்தின் கடை. ஊரில் வேறு பார்லர் இல்லை.

"நானே பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். யூடியூபில் இல்லாததா?

பிப்ரவரி 13, செவ்வாய்

மேல் உதட்டில் பிளாஸ்திரி. ஒரு புருவம் பாதிதான் மிச்சம்.

பிப்ரவரி 14, புதன்

வேறு வழியில்லாமல் போனேன்.

இன்றைக்குக் காதலர் தினம் என்பது உள்ளே நுழைந்த பிறகுதான் உறைத்தது. கடை நிறையக் கல்லூரிப் பெண்கள். எல்லோரும் என் புருவத்தைப் பார்த்தார்கள். அஞ்சுகம் ஒருத்தியின் முகத்தில் எதையோ பூசிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் கழித்து என் தங்கை என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "வரிசையில உக்காருங்க, கூப்புடுறேன்."

உட்கார்ந்தேன். மூலையில் அம்மாவின் குடை மாதிரியே ஒரு குடை சாத்தியிருந்தது. அந்தக் கம்பெனிக் குடை எல்லோரிடமும் இருக்கிறது.

என் முறை வந்ததும் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவத்தில் வேலையை ஆரம்பித்தாள். வலி என்றால் அப்படி ஒரு வலி. மோட்டாரில் கரண்ட் அடித்தால்கூட ஒரே அடியில் முடிந்துவிடும். கண்ணைத் திறந்தால் எதிர்ச் சுவரில் ஒரு பெண், பெரிய சிப்பிமேல் நின்றுகொண்டிருக்கிறாள். வலியை மறக்க, "யாரு அது?" என்றேன்.

"வீனஸ். கிரேக்கத்துல அஃப்ரொடைட்டினு பேரு. காதலுக்கு சாமி. நம்ம ஊர்ல ரதி பாக்குற வேலைய அங்க அவங்க பாக்குறாங்க."

"கடல்லேர்ந்து வந்தாங்களா?"

"நுரையிலேர்ந்து. அப்பா அம்மா தொந்தரவு இல்ல" என்றாள். சட்டென்று நூலை இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியினால்தான்.

வேலை முடிந்ததும் கண்ணாடியைக் காட்டினாள். நிஜமாகவே சுமாராக இருந்தேன். கிளம்பும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து, "ஐஸ்கட்டி வைண்ணே, வீங்காது" என்றாள்.

ஐஸ்கட்டி வைத்தேன். வீங்கவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

ஒத்திகை. நானும் செழியனும் பாட்டில் மட்டுமே பேசிக்கொள்கிறோம். அவன் "கண்ணே ரதியாளே, கட்டழகி பெண்மயிலே" என்று பாடுவான். நான் "நாதா என் மன்னவரே, நடுச்சாமம் போகாதீர்" என்று பாடுவேன். பாட்டு முடிந்ததும் நான் ஒரு தூண் பக்கம் போவேன், அவன் இன்னொரு தூண் பக்கம் போவான்.

வைத்தி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "புருஷன பாக்குற பார்வையாடா இது? பக்கத்து வயக்காரன் வரப்ப வெட்டிட்ட மாதிரி பாக்குற. சரி, அழு பாப்பம்."

அழுதேன். "விக்கல் எடுக்குறியா?" என்றார்.

செழியன் டீயைக் குடித்துக்கொண்டே வைத்தி அண்ணனிடம் பேச ஆரம்பித்தான். அவன் அரசாங்கப் பரீட்சைகளுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு டியூஷன் சென்டரில் வரலாறு எடுப்பவன். எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னான். "அண்ணே, ரதி மட்டும் இல்ல. உலகத்துல காதல் சாமியெல்லாம் அழுத சாமிங்கதான். பாபிலோன்ல இஷ்தார்னு ஒருத்தி. அவ காதலன் தம்மூஸ் செத்துப் போனதுக்கு ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் வருஷா வருஷம் கூடி ஒப்பாரி வச்சிருக்காங்க. அதுக்குன்னு ஒரு மாசமே இருந்திருக்கு."

"நம்ம மாசி மாதிரியா?"

"அதே மாதிரிண்ணே. அந்த இஷ்தார் பாதாளத்துக்கே போனவ. ஏழு வாசல். ஒவ்வொரு வாசல்லயும் ஒரு நகையக் கழட்டி வச்சாத்தான் உள்ள விடுவாங்க. கிரீடம், தோடு, ஒட்டியாணம்னு எல்லாத்தையும் குடுத்துட்டு வெறும் ஆளாப் போயி நின்னா."

எனக்கு மேலே கேட்கவேண்டும் போலிருந்தது. அவனிடம் எப்படிக் கேட்பது? "அண்ணே, அப்புறம் என்னாச்சுன்னு கேளுங்க" என்றேன் வைத்தி அண்ணனிடம்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டம்ளர் கழுவப் போய்விட்டார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

செழியன் சென்டரில் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டதாம். அதை மன்னார்குடிக்குத் தூக்கிப்போகிறானாம். என் கடை இருக்க மன்னார்குடி எதற்கு? எனக்கு அதைப் பற்றி ஒன்றும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் போகட்டும். செம்புக் கம்பி என்று சொல்லி அலுமினியத்தைச் சுற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆறு மாசத்தில் மறுபடி எரியும், அவ்வளவுதான்.

வைத்தி அண்ணனிடம் இதைப் பொதுவாகச் சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 19, திங்கள்

கடை திறக்கப் போனால் வாசலில் அந்த மோட்டார். யார் வைத்தார்கள் என்று தெரியாது. வழியை அடைத்துக்கொண்டு காலில் இடித்தது. அதனால் அதற்கே முதலில் செம்புக் கம்பி சுற்றிக் கட்டினேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

அழுகை வரவில்லை. வெங்காயம் நறுக்கிப் பார்த்தேன். அம்மா சந்தோஷமாக சாம்பாரில் போட்டுக்கொண்டாள்.

சேலை கட்டப் பழக வீனஸுக்குப் போனேன். கொசுவத்தைச் செருகிவிட்டபடி அஞ்சுகம், அஃப்ரொடைட்டி செத்துப்போன காதலனைக் கேட்டு வாங்கி வருஷத்தில் பாதி தன்னோடு வைத்துக்கொண்ட கதையைச் சொன்னாள். அடுத்து ஃப்ரேயா கதை. வடக்கே பனி விழுகிற நாடுகளில் அவள்தான் காதல் தெய்வமாம். பூனைகள் இழுக்கிற வண்டியில் போவாளாம். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்டான். ஊர் ஊராக வேறு வேறு பெயர் வைத்துக்கொண்டு அவனைத் தேடினாள். அழுத கண்ணீரெல்லாம் தங்கமாக விழுந்தது.

"சொல்லாம ஏன் போனான்?" என்று கேட்டேன்.

அஞ்சுகம் மடிப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. "சொன்னா விட மாட்டாங்கன்னு நெனச்சிருப்பான்."

"விட்டிருப்பாங்க" என்றேன்.

ஊக்கு என் இடுப்பில் குத்திவிட்டது. அவள் மன்னிப்புக் கேட்டாள். ஊக்குக்குத்தான் என்று நினைக்கிறேன். பிறகு சேலையோடு நடந்து காட்டச் சொன்னாள். வாசல்வரை நடப்பதற்குள் இரண்டு தடவை தடுக்கினேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சின்ன வயசில் சிரிக்கிற அதே சிரிப்பு, மூக்கால் ஒரு சத்தத்தோடு.

பிப்ரவரி 22, வியாழன்

அப்பா லாவணிப் பாட்டுப் போட்டிக்குப் பாடிப் பார்க்கிறார். அவர் எரிந்த கட்சி. மன்மதன் எரிந்தது எரிந்ததுதான், திரும்பவில்லை என்று பாடுகிற கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் அவன் எரியவே இல்லை என்பார்கள். அப்பா பஸ் கண்டக்டராக இருந்த காலத்திலேயே டிக்கெட் கிழித்துக்கொண்டு பாட்டுக் கட்டியவர். கேள்வி கேட்டு ஆளை மடக்குவதில் இந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

சாப்பிடும்போது சொன்னார்: "ரதி மடிப்பிச்சைக்கு வீடு வீடா வருவால்ல? நம்ம வாசலுக்கும் வரணும். மவன்னு பாக்க மாட்டேன். கேள்வி கேப்பேன். பதில் சொன்னாத்தான் அரிசி."

"கூட வெளக்கு எடுத்துட்டு யாரு வருவாங்கன்னு தெரியும்ல?" என்றாள் அம்மா.

விளக்கு எடுப்பது மன்மதன் வீட்டுப் பெண். அதுவும் வழக்கம்தான்.

அப்பா மோரை ஊற்றிக்கொண்டார். "வேற ஆளுங்கன்னுகூட நான் பெருசா நெனக்கல. பெத்தவன்கிட்ட ஒரு வார்த்தை இல்ல பாரு. அதான்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்பாவும் நானும் ஒரே விஷயத்துக்குத்தான் கோபப்பட்டிருக்கிறோம் என்பது இரண்டு வருஷமாக எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 25, ஞாயிறு, காலை

நேற்றுப் பௌர்ணமி. காமன் எரிந்தாயிற்று. அழுகை வந்தது. ஊரே பேசுகிறதாம்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். போகாதீர் என்று நான் பாடி முடித்தாயிற்று. மன்மதன் கரும்பு வில்லை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும். அதுதான் ஆட்டம். செழியன் நாலடி போனவன் திரும்பி வந்தான். மேளக்காரர்கள் குழம்பிப்போய் அடியை நிறுத்திவிட்டார்கள். என் பக்கத்தில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சொல்லிட்டுப் போறேன் மருது" என்றான்.

அந்த வரி பாட்டில் கிடையாது.

பிறகு போய்விட்டான். வைக்கோலில் தீ வைத்தார்கள். நான் அழுதேன். பாட்டை மறந்துவிட்டேன், சேலைத் தலைப்பு எங்கே போனதென்று தெரியவில்லை, பெண்கள் கூட்டமாக வந்து என்னோடு உட்கார்ந்து அழுதார்கள். வைத்தி அண்ணன் வந்து, "போதும்டா, இன்னும் ரெண்டு நாளு இருக்கு" என்று காதில் சொன்ன பிறகும் நிற்கவில்லை.

புகை அதிகம். எருவாட்டி சரியாகக் காயவில்லை.

பிப்ரவரி 25, மாலை

மடிப்பிச்சை முடிந்தது. எரிந்த மன்மதன் நாளைவரை யார் கண்ணிலும் படாமல் கொட்டகைக்குள் இருக்கவேண்டும். ரதி வெள்ளைச் சேலை கட்டி வீடு வீடாகப் போய் மடியேந்தவேண்டும். வீட்டுக்காரர் அரிசி போட்டு, "போனவன் வருவான்" என்று சொல்லவேண்டும். எந்த வீட்டுக்குள்ளும் ரதி நுழையக்கூடாது. அஞ்சுகம் விளக்கோடு என் பக்கத்தில் நடந்தாள். வெயில், செருப்பில்லாத கால், காற்று வேறு. விளக்கு அணையாமலிருக்க அவள் ஒரு கையால் மறைத்துக்கொண்டே வந்தாள்.

எங்கள் தெருவுக்குத் திரும்பியதும் அவள் நடை மெதுவானது. "அண்ணே, நம்ம வீட்டத் தாண்டிப் போயிடலாமா?"

"வரிசையில ஒரு வீட்ட விடக்கூடாது" என்றேன்.

வாசலில் அம்மா தேருக்குப் போடுகிற மாதிரிப் பெரிய கோலம் போட்டிருந்தாள். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். பின்னாலேயே ஊர் வந்துவிட்டது. கேள்வி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா அஞ்சுகத்தின் பக்கம் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துப் பாடினார்:

"எரிஞ்ச கட்டை தளிர்த்ததுண்டா, எழுந்து வந்த சாம்பலுண்டா?
தெரிஞ்ச ஊரு எதுலயாச்சும் திரும்பி வந்த ஆளு உண்டா?"

விசில் பறந்தது. வைத்தி அண்ணன் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது, அது நினைவுக்கு வரவில்லை. வாய்க்கு வந்ததைப் பாடினேன்:

"பாபிலோன் பட்டணத்தில் இஷ்தார்னு என் அக்கா
பாதாள வாசலெல்லாம் நகை கழற்றிப் போனாளே!
கிரேக்கத்துச் சீமையிலே அஃப்ரொடைட்டி என் தங்கை
செத்தவனைக் கேட்டு வாங்கிப் பாதி வருஷம் வச்சாளே!
பனி பெய்யும் நாட்டினிலே ஃப்ரேயாவாம் சின்னம்மா
பொன்னாக அழுதழுது ஊரூராத் தேடினாளே!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. யார் அந்தச் சின்னம்மா என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனாலும் கை தட்டினார்கள். அப்பா முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். நல்ல எதிராளி கிடைத்தால் அவருக்கு வரும் சந்தோஷம். உடனே மடக்கினார்:

"தேடினாளே சின்னம்மா, தேடினது கெடச்சுதா?"

எனக்குத் தெரியவில்லை. அஞ்சுகம் அதுவரைதான் சொல்லியிருந்தாள். அவளைத் திரும்பிப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினாள். கூட்டம் அடங்கிப்போய் என் வாயையே பார்த்தது. அப்பா ஜெயித்துவிட்டார். ஜெயித்தவர் மாதிரி அவர் நிற்கவில்லை.

அப்போது அஞ்சுகம் பேசினாள். பாட்டாக இல்லை. "அப்பா, கை வலிக்குது. காத்துல வெளக்கு அணைஞ்சிரும் போல. போடுறதுன்னா சீக்கிரம் போடுங்க."

ஆறாம் வகுப்பில் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அதட்டுவாளே, அதே குரல்.

விளக்கு நிஜமாகவே ஆடிக்கொண்டிருந்தது. அப்பா படியிறங்கி வந்தார். கோலத்தை மிதித்துக்கொண்டு வந்தார். இரண்டு கையையும் குவித்து விளக்கைச் சுற்றிப் பிடித்தார். அஞ்சுகத்தின் கைமேல் அவர் கை. சுடர் நிமிர்ந்துகொண்டது. அப்படியே நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் மடியை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன், என்னை யாரும் கவனிக்கவில்லை.

"எளச்சிட்ட பாப்பா" என்றார் அப்பா.

அம்மாதான் அரிசியைக் கொண்டுவந்து போட்டாள். "அவ ஒண்ணும் எளைக்கல. போன வெள்ளிக்கெழம பாத்தப்ப இருந்த மாதிரியேதான் இருக்கா" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, காளி கோயில், புருவம், குடை. எனக்கு எல்லாமே தாமதமாகத்தான் விளங்குகிறது.

"சொல்ல வேண்டியத சொல்லுங்க மாமா, அடுத்த வீடு காத்திருக்கு" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

எரிந்த கட்சிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். விளக்கைப் பிடித்த கையை எடுக்காமல், மகளைப் பார்த்து, "போனவன் வருவான்" என்றார்.

வீட்டுக்குள் நாங்கள் நுழையக்கூடாது என்பதால் அம்மா ஒரு குடம் மோரைத் தெருவுக்கே கொண்டுவந்தாள். ஊரே குடித்தது.

பிப்ரவரி 26, திங்கள்

மன்மதன் எழுந்தான். மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் வெள்ளைத் துணியை விலக்கி உட்கார்ந்து, முதல் வேலையாக, "பசிக்குது" என்றான். ஊர் சிரித்தது. எரிந்த கட்சிக்காரர்கள் எழுப்புதலுக்கு வரமாட்டார்கள். அப்பா பட்டாணி வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பட்டாணி வாங்க வந்ததாகச் சொன்னார்.

மாலையெல்லாம் கழற்றியதும் நான் செழியனைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனேன். போகிற வழியில், "மோட்டார் ஓடுதா?" என்றேன். "ஓடுதுடா" என்றான். அவ்வளவுதான் பேசினோம். போதுமாக இருந்தது.

அப்பா பட்டாணிப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்த கிரேக்கக்காரி புருஷன் பாதி வருஷந்தான் வந்தானா?"

"ஆமா மாமா. புருஷன் இல்ல, காதலன். பாதி வருஷம் மேல, பாதி வருஷம் கீழ."

"அப்ப பாதி எங்க கட்சி."

"அப்படித்தான் ஆவுது மாமா."

"அந்த பூனை வண்டிக்காரி? அவளுக்குக் கெடச்சானா இல்லையா?"

"அது எங்கயும் எழுதி வைக்கல மாமா. தேடிக்கிட்டே இருந்தான்னுதான் இருக்கு."

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் மென்றார். பிறகு பொட்டலத்தை அவன் பக்கம் நீட்டினார். "எழுதாம வுட்டா ஆச்சா? நாளைக்கி சாப்பாட்டுக்கு வந்து ஒக்காருங்க. என்ன ஏதுன்னு பேசி ஒரு முடிவு கட்டிருவோம்."

பிப்ரவரி 27, செவ்வாய்

மதியம் சாப்பிட உட்கார்ந்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஃப்ரேயாவின் புருஷனை ஒரு வழியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள், அப்பாவே கண்டுபிடித்தார். இப்போது இரண்டு பேரும் எகிப்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே காதல் தெய்வத்துக்குப் பசுவின் கொம்பு இருக்குமாம். அப்பா நம்ப மறுக்கிறார். அஞ்சுகமும் அம்மாவும் உள்ளே என்னமோ சொல்லிச் சிரிக்கிறார்கள், போய் நின்றால் நிறுத்திவிடுகிறார்கள்.

எனக்கு ரசம் மிச்சமில்லை.